டன் இறக்கிய லோடு

என் அண்ணனை வெளியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லாரிக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் டன். புறவழிச்சாலை ஓரத்தில் லாரிகளை எடை போடும் மேடைக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து நாள் முழுக்க டன் கணக்கில் எடை சொல்வது அவன் வேலை. அதனால் வந்த பெயர் என்று அவன் சொல்லிக்கொள்வான். அந்த அறைக்குள் அவன் ஒருக்களித்து நுழைவதைப் பார்த்தவர்கள் வேறு காரணம் சொன்னார்கள்.

எடைமேடையில் ஏமாற்றுகிறவர்களைப் பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. லோடோடு வரும்போது டிரைவரும் கூட வந்தவரும் கேபினில் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள், தண்ணீர் டிரம் தளும்பிக்கொண்டிருக்கும். லோடை இறக்கிவிட்டுக் காலி லாரியாகத் திரும்பும்போது டிரம் வறண்டிருக்கும், ஆட்கள் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு என்பதால், ஒரு தொப்பை டிரைவரும் ஒரு டிரம் தண்ணீரும் ஜல்லியாக விற்றுப் போய்விடுவார்கள். டன் எழுந்து வந்து பார்க்கக்கூட மாட்டான். லாரி மேடையேறும் விதத்திலேயே கண்டுபிடித்து மைக்கில் சொல்வான்: "கேபின்ல இருக்கிற ரெண்டு மூட்டையும் இறங்கி வரலாம். கூச்சப்பட வேண்டாம்."

அவன் உடம்பு அப்படி ஆனதில் எனக்கும் பங்கு உண்டு என்பது அவன் கட்சி. சின்ன வயதிலிருந்தே நான் சாப்பாட்டில் மந்தம். பாதியில் தட்டைத் தள்ளிவிடுவேன். தள்ளிய தட்டு தரையில் நிற்காமல் அவன் பக்கம் போய்விடும். அம்மா திரும்பிப் பார்க்கும்போது இரண்டு தட்டும் பளிச்சென்று இருக்கும். "இதுல பாதி உன்னோடது" என்று தொப்பையைத் தட்டிக் காட்டுவான். "நான் சும்மா பாதுகாத்து வச்சிருக்கேன்."

பிறகு என் ஈரல் கெட்டது. அதற்கு நான் எதுவும் செய்யவில்லை. என் உடம்புக்கே அதைப் பிடிக்காமல் போய், கொஞ்சம் கொஞ்சமாக அதை அரித்துத் தின்றுவிட்டது. அந்த நோய்க்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. டாக்டர் விளக்கியதை முழுக்கக் கேட்டுவிட்டு டன் சொன்னான்: "பரவாயில்லையே. வாய்தான் சாப்பிட மாட்டேங்குது, உடம்பாவது சாப்பிடுதே."

நான் கல்லூரி நூலக வேலைக்கு நீண்ட விடுப்பு சொல்லிவிட்டு அண்ணன் வீட்டு முன்னறைக்கு வந்து படுத்துக்கொண்டேன். தனியாள் நான், வேறு போக்கிடமும் இல்லை. ஈரல் மாற்றினால்தான் உண்டு என்றார்கள். உயிரோடு இருக்கும் ஒருவர் தன் ஈரலில் பாதியைக் கொடுக்கலாம், கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அது திரும்ப வளர்ந்துவிடும் என்றார்கள். சொந்தத்தில் ரத்தம் பொருந்தியவன் டன் ஒருவன்தான். அவன் அதைக் கேட்டு, டீக்கடையில் சில்லறை கேட்ட மாதிரி, "எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டான்.

எடுக்க முடியாது என்றார் சர்ஜன் அம்மா. டன்னின் ஸ்கேன் படத்தை விரலால் சுட்டிக் காட்டினார்.

"உங்க ஈரல் பூரா கொழுப்பு படிஞ்சிருக்கு."

"நான் ஒரு சொட்டு குடிச்சதில்லை டாக்டர்."

"டீ?"

"அது குடிக்கிறதுல சேராதே."

"சர்க்கரை எத்தனை ஸ்பூன் போடுவீங்க?"

"கடைக்காரர் போடறார். நான் எட்டிப் பார்க்கிறதில்லை."

"கூட ஏதாவது சாப்பிடுவீங்களா?"

"கிரீம் பன்."

"ஒண்ணா?"

டன் என்னைப் பார்த்தான். நான் சுவரில் மாட்டியிருந்த உடலுறுப்புப் படத்தைப் பார்த்தேன்.

"ஒண்ணு சாப்பிட்டா இன்னொண்ணு தட்டுல தனியா இருக்கும் டாக்டர். பாவமா இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. பாதி ஈரலோடு அவன் கொஞ்ச காலம் வாழ்ந்தாக வேண்டும், கொழுப்பு ஈரலில் பாதி அவனைத் தாங்காது, எனக்கு வரும் பாதியும் வேலை செய்யத் திணறும் என்று நிதானமாகச் சொன்னார். உடம்பு இளைத்தால் ஈரல்தான் முதலில் தேறும், அது மன்னிக்கிற உறுப்பு என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் அவனிடம் சொன்னார்: "உங்க தங்கச்சிக்குக் கொஞ்ச நாள் இருக்கு. ரொம்ப நாள் இல்லை."

அடுத்த அறையில் இருந்த உணவு ஆலோசகர் எங்கள் இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார். அவனுக்குச் சர்க்கரை கூடாது, பன் கூடாது, பாட்டில் பானம் கூடாது, பொரித்தது கூடாது. சோறு ஒரு கரண்டி. தட்டில் பாதி காய்கறி, மீதியில் முட்டையோ மீனோ பயறோ. தினமும் வியர்க்க வியர்க்க நடை. எனக்கு நேர் எதிர். முட்டை, மீன், உருளைக்கிழங்கு, தயிர் என்று அடிக்கடி சாப்பிட வேண்டும், படுக்கப் போகும் முன்பும் ஏதாவது சாப்பிட வேண்டும், உப்பு மட்டும் கூடாது. பசியில்லாதவளைத் தின்னச் சொன்னார்கள், பசியைத் தவிர வேறொன்றும் அறியாதவனை நிறுத்தச் சொன்னார்கள். தண்டனையை மாற்றிக் கொடுத்திருந்தால் இருவரும் கைகுலுக்கிக்கொண்டு போயிருப்போம்.

டன்னுக்கு உணவு ஆலோசகர் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. "எடை குறையணும்" என்ற ஒன்றுதான் ஏறியது. எடை அவன் தொழில்.

அண்ணி வீட்டில் வாங்கி வைத்திருந்த எடை மெஷினை அவன் மதிக்கவில்லை. "பொம்மை அது. என் மேடைக்கு அரசாங்க முத்திரை இருக்கு" என்றான். அதனால் லாரி மேடையில் ஏறி நின்றான். அந்த மேடை லாரிகளுக்காகச் செய்தது, எதையும் பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். நூற்றுப் பத்து காட்டியது. சில நாள் கழித்து ஏறினான், அதே நூற்றுப் பத்து. ஒரு நாள் ஏதோ தோன்றிச் செருப்பைக் கழற்றிக் கீழே விட்டான். நூறு காட்டியது.

அன்று வீட்டுக்கு வந்தவனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "பத்து கிலோ குறைஞ்சிட்டேன்" என்று வாசலிலிருந்தே அறிவித்தான்.

அண்ணி அவனை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "செருப்பு எங்கே?" என்றாள்.

வேலை செய்யும் இடத்திலேயே மறந்துவிட்டு வந்திருந்தான். வெறுங்காலோடு பஸ் ஏறி வந்திருக்கிறான், அத்தனை சந்தோஷம்.

அதற்கப்புறம் தீவிரமாக இறங்கினான். அடுத்த ஸ்கேனுக்கு முன்னால் சாப்பாட்டையே நிறுத்தினான். நல்ல வெயிலில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தான். கடைசி நாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உதடு காய்ந்து, கண் உள்ளே போய், ஆஸ்பத்திரி மெஷினில் ஏறி நின்றபோது எடை நிஜமாகவே இறங்கியிருந்தது. சர்ஜன் அம்மா எடையைப் பார்த்தார், ஸ்கேனைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார்.

"எடை குறைஞ்சிருக்கு. கொழுப்பு அப்படியே இருக்கு. ரத்தத்துல ஈரலோட அளவெல்லாம் முன்னைவிட மோசம். என்ன பண்ணீங்க?"

டன் சொன்னான். அவர் ஒரு டம்ளர் தண்ணீரை அவன் பக்கம் நகர்த்திவிட்டு, "பட்டினி போட்டா ஈரல் பயந்துடும். சாப்பிட்டுத்தான் இளைக்கணும்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் ஜன்னலுக்கு வெளியே போகிற லாரிகளையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"டிரம்மைக் காலி பண்ணிட்டேன். டிரைவரை இறக்கிவிட்டுட்டேன். லோடு உள்ளேயே இருக்கு."

"ம்."

"இத்தனை வருஷமா இதே திருட்டைத்தான் பிடிச்சிட்டு இருக்கேன்."

"மைக்குல சொல்லிடு" என்றேன்.

அவன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் மேடையில் லாரிகள் வரிசையில் நிற்கும்போது மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். தங்கச்சி, ஈரல், மழைக்கோட்டு, எல்லாம். "இனிமே நான் பன் தின்னறதைப் பார்த்தா பிடிச்சுக் கொடுங்க" என்றும் சொன்னான்.

கேட்கவா வேண்டும். அவனால் கேபினிலிருந்து இறக்கப்படாத டிரைவர் அந்தச் சாலையில் ஒருவர்கூட இல்லை. ஜல்லி லாரி ஓட்டும் ஒருவருக்கு ஹாரன் என்று பெயர், பேசுவதைவிட ஹாரன் அடிப்பதுதான் அதிகம். அவர் கண்ணாடி அறைக்கு வந்து கம்பியில் சாய்ந்துகொண்டார்.

"டன் அண்ணே, வாயைத் திறங்க."

"எதுக்குய்யா?"

"கேபின்ல ஏதாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களான்னு பார்க்கணும்."

எதிர்க்கடை டீக்காரர் டன் கடைக்கு வந்ததும் சர்க்கரை டப்பாவை எடுத்து உள்ளே வைத்தார். "உனக்கு ஒரு ஸ்பூன் போட்டேன்னு தெரிஞ்சா ஒரு லாரி என் கடை முன்னாடி நிக்காது. என் பொழைப்புல மண்ணைப் போடாதே." டன் பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பியை வாங்கிக் குடித்தான். தார் ரோடு போடுகிறவர்கள் இதைத்தான் ஊற்றுகிறார்கள் என்று இப்போதுதான் தெரிந்தது என்றான்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பசிக்கும்போது கேரட்டும் வெள்ளரிக்காயும் கடிக்கச் சொல்லி அண்ணி டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். ஒரு நாள் மைக்கை அணைக்க மறந்துவிட்டுக் கடித்திருக்கிறான். ஒலிபெருக்கியில் கறக்முறக் என்ற சத்தம் சாலை முழுக்கக் கேட்க, வரிசையில் நின்ற டிரைவர் ஒருவர் தன் லாரியின் அச்சு முறிந்துவிட்டதென்று இறங்கி அடியில் படுத்துப் பார்த்தாராம். இதைச் சொல்லிவிட்டு அவனே சிரித்தான். கேரட் தின்னும் மனிதன் சிரித்ததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

செருப்போடு ஏறியும் மேடை நூறு காட்டியது. வீட்டுப் பொம்மையும் ஒப்புக்கொண்டது. டன் சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றிப் பார்த்தான்.

அங்கேயே நின்றுவிட்டது.

நடந்தான், வியர்த்தான், காய் தின்றான், எடை அசையவில்லை. உணவு ஆலோசகர் காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிடுகிறான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னான். பொய் இல்லை, எனக்கே தெரியும். அவர் பேனாவைத் தாடையில் தட்டிக்கொண்டு யோசித்தார். "இதைச் சாப்பிட்டா குறைஞ்சுதான் ஆகணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "நீங்க எல்லாத்தையும் சாப்பிடறீங்களா?"

"தட்டு தினமும் காலியாகுது" என்றேன். நானும் பொய் சொல்லவில்லை.

"அப்புறம் ஏன் இப்படி உருகுறீங்க? அவர் இறங்கணும், இறங்க மாட்டேங்கறார். நீங்க இறங்கவே கூடாது, இறங்கிட்டே போறீங்க." அவர் குரலில் முதல் தடவையாகக் கவலை தெரிந்தது. இன்னும் மெலிந்தால் அறுவை சிகிச்சையை என் உடம்பு தாங்காது என்றார்.

என் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. அண்ணி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் துணி மடித்தாள்.

அடுத்த விடுமுறை நாள் மதியம். அண்ணி வழக்கமாகப் பரிமாறிவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுவாள். அன்று கரண்டியோடு அங்கேயே நின்றாள். எனக்கு மீன், மசித்த உருளைக்கிழங்கு, முட்டை, தயிர். அவனுக்கு ஒரு மலை கீரையும் ஒரு துண்டு மீனும். அவன் முன்தினம் மேடையில் வந்து சிக்கிய ஒரு சிமென்ட் லாரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டு முடித்தான். நான் பாதி மீனைத் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினேன். அவன் கதையை நிறுத்தவில்லை, கண்ணைத் தட்டுப் பக்கம் திருப்பவும் இல்லை. கை மட்டும் நீண்டு வந்து தட்டை இழுத்துக்கொண்டது. சிமென்ட் லாரி மேடையிலிருந்து இறங்குவதற்குள் முட்டையும் கிழங்கும் தயிரும் தீர்ந்துவிட்டன.

"என்னங்க" என்றாள் அண்ணி.

"ம்?"

"இப்ப என்ன சாப்பிட்டீங்க?"

"கீரை. மீன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லையே."

அண்ணி கரண்டியால் என் தட்டைக் காட்டினாள். டன் குனிந்து பார்த்தான். தன் முன்னால் இரண்டு தட்டு இருப்பதை அவன் அப்போதுதான் பார்க்கிறான் என்று சத்தியம் செய்வேன்.

"அது மிச்சம்" என்றான்.

"மிச்சம் வேற வயித்துக்கா போகுது?"

தட்டு காலியாவதால் நான் சாப்பிடுகிறேன் என்று நானே நம்பியிருந்தேன். தன் தட்டை மட்டும் கணக்கில் வைத்ததால் அவனும் குறைவாகச் சாப்பிடுவதாக நம்பியிருந்தான். என்னைத் தேற்றுவதற்காக ஆலோசகர் பார்த்துப் பார்த்துச் சொன்ன சத்தெல்லாம் நேராக அவன் ஈரலுக்குப் போய்க் கொழுப்பாகப் படிந்துகொண்டிருந்தது.

"ரெண்டு லாரியை ஒரே மேடையில ஏத்தினா எடை எப்படிங்க சரியா வரும்?" என்றாள் அண்ணி. கல்யாணமான நாளிலிருந்து அவன் தொழிலைப் பற்றி அவள் வாய் திறந்தது அன்று ஒரு முறைதான்.

அன்றிலிருந்து அவனுக்குச் சமையலறையில் சாப்பாடு, எனக்கு முன்னறையில். நான் தட்டோடு தனியாக உட்கார்ந்திருந்தால் இந்த ஜென்மத்தில் முடிக்கமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். தன்னுடையதை முடித்துவிட்டு வாசற்படியில் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வான். திரும்பிப் பார்த்தால் கை நீண்டுவிடும் என்று பயம்.

"லோடு ஏறுதா?"

"ஏறுது."

"என்ன ஏறியிருக்கு?"

"முட்டை."

"முழுசா?"

"பாதி."

"மீதியையும் ஏத்து. ஓரத்துல ஒதுக்கி வச்சா எனக்குச் சத்தம் கேக்கும்."

எனக்கு அழுகை வரும், குமட்டல் வரும், அவன் முதுகைப் பார்த்தால் கோபம் வரும். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு நாய் வந்து நிற்கும். இரண்டு நாள் அதற்கு உருளைக்கிழங்கு கிடைத்தது. மூன்றாம் நாள் டன் அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது பளபளன்னு ஆயிட்டு வருதே. இதோட ஈரல் யாருக்குப் பொருந்தும்னு கேட்டு வைக்கணும்" என்றான். ஜன்னலைச் சாத்திவிட்டான். நான் தின்றேன். வேறு வழியில்லை என்பதால் தின்றேன், பிறகு எப்போதோ பசித்தும் தின்றேன்.

மேடை தொண்ணூறு காட்டிய அன்று ஹாரன் என்கிற அந்த டிரைவர் விடாமல் ஹாரன் அடித்ததில் போலீஸ் வந்து கேட்டதாம். டன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டும் நின்று காட்டியிருக்கிறான், யாரும் குறை சொல்லக் கூடாதென்று.

சர்ஜன் அம்மா புதிய ஸ்கேனை நிறைய நேரம் பார்த்தார். "இது வேற யாரோட ஈரலோ மாதிரி இருக்கு" என்றார். டன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "ஆமா டாக்டர். இவளோடதுதான்."

அறுவை சிகிச்சை முடிந்து எனக்கு நினைவு வந்தபோது நர்ஸ் ஒருவர் குனிந்து, பக்கத்து வார்டிலிருந்து உங்கள் அண்ணன் கேட்கச் சொன்னார் என்றார்: என் ஆள் எப்படி இருக்கான்?

அதற்கப்புறம் அந்தப் பாதி ஈரலுக்கு அதுதான் பெயர். நான் தேறி வேலைக்குப் போய், தனி வீடு எடுத்துக்கொண்ட பிறகும் மதியம் போன் வந்துவிடும். என்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டான். "என் ஆளுக்கு இன்னைக்கு என்ன போட்டே?" என்பான். ரொட்டி என்று சொன்னால், "வெறும் ரொட்டியா? அவன் என்கிட்ட இருந்தப்போ எப்படி வளர்ந்தவன் தெரியுமா?" என்பான்.

அறுவைக்குப் பிறகு வேலைக்குத் திரும்பிய அன்று டன் நேராக மேடையில் ஏறி நின்று ஒரு எடைச்சீட்டு எடுத்துக்கொண்டு வந்தான். அறுவைக்கு முந்தைய நாள் எடுத்த சீட்டும் கையில் இருந்தது. இரண்டையும் என் முன்னால் வைத்தான். இரண்டிலும் தொண்ணூறு.

"பார்த்தியா? போறப்பவும் அதே எடை. வர்றப்பவும் அதே எடை. மெஷின்படி நான் உனக்கு ஒண்ணுமே கொடுக்கலை."

"உன் மெஷினுக்குப் பத்து கிலோவுக்குக் கீழே கண்ணு தெரியாதே."

"அரசாங்க முத்திரை போட்ட மெஷின். அதையே சந்தேகப்படறியா?"

போன மழைக்காலத்தில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. அது ஈரலால் வந்ததல்ல, இதயம் என்றார்கள். செய்தி கேட்டு லாரிகள் வந்து எங்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. ஒரு கேபினிலும் ஆள் இல்லை. யாரும் சொல்லாமலே எல்லாரும் இறங்கி நின்றிருந்தார்கள்.

இப்போது நானும் அண்ணியும் ஒரே வீட்டில். போன வாரம் மதியம் ஏதோ யோசனையில் பாதியில் தட்டைத் தள்ளிவிட்டேன். தட்டு மேசை நடுவில் போய் நின்றது. பழக்க தோஷம், நான் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தேன். அண்ணியும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் ஒரு விரலால் தட்டை மெதுவாக என் பக்கம் திருப்பித் தள்ளினாள்.

"அவரோட ஆளுக்குப் பசிக்கும். சாப்பிடு."